ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ் சரிதம்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் புலவரையும் வேந்தரையும் தொண்டரையும் நாடிச் செல்வதே நம் நாட்டு வழக்கம். வணிகரை நாடுவார் சிலரே. காப்பிக்கொட்டையை உலர்த்திப் பொருளீட்டிய ஓர் ஆங்கிலேயரது வாழ்க்கையில் தமிழ் பயிலும் மாணவர்க்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். கோவலனும் வணிகன் மகனே என்பதை அவர்கட்கு நினைவூட்டிவிட்டு மேற்செல்வோம்.

நாம் பிறந்து வளர்ந்த தாராபுரம் இந்நாளில் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டுக்கு முன் அது ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்திலும், 1979க்கு முன் கோயமுத்தூர் ஜில்லாவிலும் அடங்கியிருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்நாட்டை இரு கூறாக்கி, வடகூற்றுக்குப் பவானியையும் தென்கூற்றுக்குத் தாராபுரத்தையும் தலைமையூராக வைத்தனர். 1804இல் இரு கூறும் ஒன்றாகிக் கோயமுத்தூர் தலைநகராயிற்று. அன்று அவ்வாறு ஆகாதிருந்தால் ஆலைகளும் புகைவண்டியும் அமராவதிக்கரைக்கு வந்திருக்குமே என்று நம் ஊர் முதியோர் ஏங்குவதுண்டு. புகைவண்டி இன்றளவும் வந்தபாடில்லை. அது நிற்க. நம் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நூலாலைகட்கும் பனியன் கம்பெனிகட்கும் வேலைக்குச் செல்கின்றனர். இக்கொங்கு நாட்டில் நூலாலை என்னும் ஒன்றை முதன்முதல் நிறுவியவர் யார், அவர் எவ்வழியாக அத்தொழிலுக்கு வந்தார் என்று கேட்டால், நீலகிரிக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்தார் என்பதே விடை. அவரே ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸ்.

அவர் 1841ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டில் பிறந்தார். 1858இல், பதினேழு வயதில், இந்தியாவுக்கு வந்தார். நம் கல்லூரியில் அவ்வயதினர் முதல் வகுப்பில் அமர்ந்து, வீட்டிலிருந்து பணம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பர். சூயெஸ் கால்வாய் அந்நாளில் வெட்டப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869இல். சென்னையில் இராயபுரத்திலிருந்து 1856இல் ஓடத்தொடங்கிய புகைவண்டியும் கொங்கு நாட்டை எட்டவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்வோர் குதிரையேறியோ, சுமப்போர் தோளேறியோ, கால்நடையாகவோ மலையேறினர். மலையடிவாரக் காட்டில் ஓரிரவு தங்கினால் விஷக்காய்ச்சல் பற்றிக்கொள்ளும் என்று யாவரும் அஞ்சிய காலம் அது. முந்திய ஆண்டில் வடநாட்டிற் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்து, கம்பெனி ஆட்சி முடிந்து, அரசியின் ஆட்சி தொடங்கிய ஆண்டும் அந்த 1858 தான்.

ராபர்ட்டின் தமையனார் தாமஸ் ஸ்டேன்ஸ் என்பவர் குன்னூர்ப் பக்கத்தில் காப்பித் தோட்டக்காரராக முன்னரே ஊன்றியிருந்தார். தமையனது தோட்டத்துக்குத் துணையாகவே இளையவர் வந்தார் எனலாம். கம்பெனியின் பெயரில் இன்றும் முதலில் நிற்கும் ‘டி’ என்னும் எழுத்து அத்தாமஸையே குறிக்கின்றது. ராபர்ட் உழைத்தார், தாமஸின் பெயர் பலகையில் ஏறியது. இராமாயணம் படித்த நமக்கு இது புதிதன்று.

இனி, அவர் மலையை விட்டுச் சமவெளிக்கு ஏன் இறங்கினார் என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அவர் வாழ்வின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. காப்பிப் பழம் கார்த்திகை மார்கழித் திங்கள்களிற் சிவந்து முதிரும். பறித்த பழத்தை அன்றன்றே பொறியிலிட்டுத் தோலுரித்து, தொட்டியிலிட்டு ஊறவைத்து, வழுவழுப்பு நீங்கக் கழுவி, வெயிலிற் காயவைப்பர். அப்போது கொட்டையின்மேல் காகிதம் போன்ற ஒரு மெல்லிய உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வுறையைப் போக்க வேண்டுமாயின் கொட்டை எலும்புபோல் வறண்டிருத்தல் வேண்டும். ஆனால் நீலகிரியின் கீழ்ச்சரிவில், பழம் பழுக்கும் அதே காலத்தில்தான் வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் கவிந்திருக்கும். அங்கே காயவைத்த கொட்டை பகலில் உலர்ந்து இரவில் மீண்டும் ஈரமேற்கும். ஈரத்தோடு கப்பலேற்றினால் இலண்டன் போய்ச் சேர்வதற்குள் நிறம் கெட்டு, மணம் கெட்டு, விலையும் கெடும். அரும்பாடுபட்டு விளைத்த பொருள் கடைசிப் படியில் கெடுவதைக் கண்ட தோட்டக்காரர் பலர்.

மலையின் காலடியிலோ கோயமுத்தூர். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஊரெங்கும் வீசும், மழை அருகும், நிலம் காய்ந்து கிடக்கும். உழவர் ஒருவர்க்கு இது சாபக்கேடு. நம் தாராபுரத்து உழவரைக் கேட்டால் வறண்ட வானத்தைப் பற்றி ஒரு நாழிகை பேசுவர். அந்த வறட்சியையே ஸ்டேன்ஸ் முதலாகக் கொண்டார். 1861ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், கோயமுத்தூரில் காப்பி பதப்படுத்தும் சாலையொன்றைத் தொடங்கினார். மலையிலிருந்து வண்டிகளில் இறங்கிய மூட்டைகள் அங்கே களத்திற் பரப்பி உலர்த்தப்பட்டன. பின்னர் உறை நீக்கி, சலித்து, பருமன்வாரியாகப் பிரித்து, கருத்ததும் உடைந்ததும் புழுத்ததுமானவற்றைக் கையாற் பொறுக்கி அகற்றி, நல்லனவற்றை மூட்டைகட்டி மேல்கரைத் துறைமுகங்களுக்கு அனுப்புவர். பொறுக்கும் வேலை முழுதும் பெண்களுடையது. தரையில் வரிசையாக அமர்ந்து, முறத்திற் கொட்டிய காப்பியை நாள்முழுதும் கண் இமைக்காமல் ஆய்ந்த அப்பெண்களின் விரல் நுனியில் அக்கம்பெனியின் நற்பெயர் தங்கியிருந்தது என்றால் மிகையாகாது.

காலமும் அவருக்கு உதவியது. சென்னையிலிருந்து மேல்கரைப் பேப்பூரை நோக்கி இடப்பட்ட இருப்புப் பாதையில் 1862ஆம் ஆண்டளவில் போத்தனூர் வழியாக வண்டி ஓடத் தொடங்கிற்று. கோயமுத்தூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பாதை வந்தது 1873இல். குன்னூருக்கு மலைவண்டி ஏறியது 1899இல். மூன்றாண்டு உழைப்பிற் கற்றதை வைத்துக்கொண்டு, பாதை வரும் முன்னரே பாதையோரத்திற் களம் அமைத்த இளைஞரது கூர்மை வியக்கத்தக்கது.

அந்த 1862ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார். கம்பெனி நிலைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. செல்வம் சேர்ந்தபின் தருமம் செய்வோம் என்று காத்திருப்பவர் பலர்; இவர் காத்திருக்கவில்லை. சமயப்பற்று மிக்க கிறிஸ்தவராகிய அவருக்கு வாணிகமும் தொண்டும் இருவேறு அறைகளில் வைத்துப் பூட்டப்பட்டவை அல்ல. சில பிள்ளைகளுடன் தொடங்கிய அப்பள்ளி ஸ்டேன்ஸ் பள்ளி என்ற பெயரோடு இன்றும் கோயமுத்தூர் அவினாசிச் சாலையில் நடைபெறுகின்றது. குன்னூரிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு. ஒன்றை மட்டும் மறையாது கூறல் வேண்டும். அப்பள்ளி முதற்கண் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகட்கென ஏற்பட்டது. இருப்புப்பாதை வேலையாலும் தோட்டத் தொழிலாலும் இந்நாட்டிற் பரந்த அச்சமூகத்தின் ஏழைப் பிள்ளைகள் கல்வியின்றித் திரிந்தனர் என்பது உண்மையே. ஆயினும் களத்திற் காப்பி பொறுக்கிய பெண்களின் பிள்ளைகளை நோக்கி அக்கதவு அன்று திறக்கவில்லை. பிற்காலத்தில் எல்லாச் சமூகத்தாரும் அங்கே கற்றனர். தொடக்கத்தின் குறுகலை எண்ணி இன்றைய பள்ளியைக் குறைகூறுவதும், இன்றைய பரப்பை எண்ணித் தொடக்கத்தின் குறுகலை மறப்பதும் நேர்மையாகா.

1866இல் கோயமுத்தூர் நகரசபை ஏற்பட்டபோது ஸ்டேன்ஸ் அதன் முதல் தலைவரானார். வயது இருபத்தைந்து. சிறுவாணி நீர் அந்நகருக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அன்று கிணறும் குளமுமே கதி. வாந்திபேதி ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. நகராட்சி என்பது சாக்கடையும் தெருவிளக்குமாக இருந்த காலத்தில் அப்பதவி பெருமைக்குரியதென்பதைவிடத் தொல்லைக்குரியது என்பதே பொருந்தும்.

காப்பியின் பொற்காலம் நீடிக்கவில்லை. தண்டைத் துளைக்கும் வண்டு வயநாட்டிலும் குடகிலும் 1860களில் தோட்டங்களைப் பாழாக்கியது. 1869இல் இலங்கையில் இலைகளின் அடிப்புறத்தில் துருப்போன்ற செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அத்துரு நோய் இருபதாண்டுக்குள் அத்தீவின் காப்பித் தொழிலையே அடியோடு மாய்த்தது. பின்னர்தான் அங்கே தேயிலை ஓங்கியது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. கடன் வாங்கிக் காடு வெட்டியவர் பலர் ஓட்டாண்டியாயினர். நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வெள்ளமாகப் புகுந்து விலையையும் அமிழ்த்தியது.

தோட்டங்கள் அழிந்த இந்நாளில் ஸ்டேன்ஸ் கம்பெனி எங்ஙனம் தப்பியது? நாம் கருதுவது இது: ஒரே தோட்டத்தின் விளைவை நம்பியிருப்பவன் அத்தோட்டத்தோடு சாய்வான். பலரது விளைவைப் பதப்படுத்திக் கொடுத்துக் கூலி பெறுபவனோ, ஒருவர் சாய்ந்தாலும் மற்றவரால் நிற்பான். களமும் கிடங்கும் பொறியும் வைத்திருந்தவர்க்கு மரத்தின் நோய் நேரே பற்றாது. அன்றியும், தோட்டத்துக்கு வேண்டிய கருவியும் உரமும் பண்டமும் வாங்கி விற்பதும், விளைவை ஏற்றுமதி செய்வதும் ஒன்றையொன்று தழுவிய தொழில்கள். ஒரு கொடி பல கொழுகொம்பைப் பற்றியதுபோல அது பரவிற்று. பின்னாளில் அக்கம்பெனி பல தொழில்களின் கூட்டாக மாறியதன் வித்து, 1861ஆம் ஆண்டுக் களத்திலேயே விழுந்துவிட்டது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் கதை உண்டு. கோயமுத்தூர் ஜில்லா அப்பஞ்சத்தில் மிகவும் அல்லற்பட்டது. நம் தாலூகாவிலும் கிணறுகள் வற்றின, மாடுகள் மாண்டன. பசித்தவர் மலையேறினர், கடலேறினர், நீலகிரி, ஆனைமலை, இலங்கை என்று சிதறினர். தோட்டங்கட்கு ஆள் சேர்ந்தது அவ்வாறுதான். கங்காணி கிராமத்துக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், அப்பணம் கடனாகக் கழுத்தைச் சுற்றும். முன்பணம் பெற்றவர் வேலையை விட்டகன்றால் அவரைச் சிறையிலிடவும் இடந்தந்த சட்டம் ஒன்று 1859 முதல் நடைமுறையிலிருந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டது 1925இல். கடனைத் தீர்க்காதவரைச் சிறையிலிடுவது எல்லா நாட்டிலும் பழைய வழக்கந்தான். ஆயின் கடன் தந்தவனும் வேலை தந்தவனும் கூலி குறித்தவனும் ஒருவனாகவே இருந்தால் கடன் தீர்வது எந்நாள்?

ஸ்டேன்ஸ் தம் தோட்டத்தாரிடம் கொடுமை செய்தார் என்று நாம் எங்கும் படித்ததில்லை. நல்லவர் என்றே ஊரார் வாயிற் கேட்கிறோம். ஆயினும் தனி மனிதரது நற்குணம் வேறு. அவர் வாழ்ந்த ஏற்பாடு வேறு. அவ்வேற்பாட்டின் பயனை அவரும் நுகர்ந்தார். அவர் பெயர் பள்ளி வாயிலில் கல்லெழுத்தாக நிற்கின்றது. சரிவுகளில் காடு வெட்டிக் காய்ச்சலால் மடிந்தவர்க்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. சரித்திரம் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதக் கற்றல் வேண்டும் என்பது நம் துணிபு.

இனி அவர் வாழ்வின் பெருஞ்செயலுக்கு வருவோம். 1888ஆம் ஆண்டில் கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலை நிறுவப்பட்டது. ஸ்டேன்ஸ் மில் என்றே ஊரார் அழைத்தனர். கோயமுத்தூரின் முதற் பஞ்சாலை அதுவே. சென்னையில் பின்னி கம்பெனியாரது பக்கிங்ஹாம் ஆலை 1870களிலும், பாபநாசத்தில் அருவியின் வலிமையால் ஓடிய ஹார்வி சகோதரரது ஆலை 1880களின் நடுவிலும் தோன்றியிருந்தன. கோயமுத்தூரில் அருவி இல்லை. மின்சாரம் கனவிலும் இல்லை. நீராவியே துணை. கொதிகலத்துக்கு விறகும் கரியும் சுமந்து வரவேண்டும். இயந்திரங்கள் ஆங்கில நாட்டிலிருந்து கப்பலில் வந்து, புகைவண்டியேறி, கட்டைவண்டியில் இறங்கவேண்டும். காப்பி வியாபாரி ஒருவர் நாற்பத்தேழாம் வயதில் இத்துணைச் செலவையும் தலைமேற்கொண்டு புதுத்தொழில் புகுந்தார்.

அவர் கண்டது எளிய உண்மை. கொங்கு நாட்டுப் பருத்தி மூட்டைமூட்டையாக வெளியூர் சென்றது. நூலும் துணியுமாகத் திரும்பி வந்தது. நம் தாராபுரம், பல்லடம், உடுமலைப் பகுதிகளின் கரிசலில் உப்பம் பருத்தியும், செம்மண்ணில் நாடம் பருத்தியும் விளைந்தன. விதை நீக்கி மூட்டையாக்கிய பஞ்சு கட்டைவண்டிகளில் திருப்பூர் நிலையத்துக்குச் சென்றது. இராமுழுதும் வரிசையாகச் செல்லும் அவ்வண்டிகளின் அடியில் தொங்கிய லாந்தர் விளக்குகளைப் பற்றி நம் பாட்டனார் தம் பாட்டனாரிடம் கேட்ட கதை சொல்வதுண்டு. உப்பமும் நாடமும் குட்டை இழைப் பருத்தி. தடித்த நூலுக்கே ஏற்றவை. நீண்ட இழையுடைய கம்போடியாப் பருத்தி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, கிணற்றுப் பாசனத் தோட்டங்களிற் பரவிய பின்னரே மெல்லிய நூல் நூற்றல் எளிதாயிற்று. முதல் ஆலை, ஆகவே, தடித்த நூலின் ஆலை. அந்நூலை வாங்கியவர் பெரும்பாலும் கைத்தறி நெசவாளர். ஆலை நூல் நெசவாளனுக்கு வாழ்வளித்தது. கைராட்டினத்தில் நூற்று வந்த கிழவிகளின் கஞ்சியிலோ மண் விழுந்தது. ஒரே நூல்தான் இரண்டையும் செய்தது.

அந்த ஆலை தொடங்கிய ஆண்டில் நாட்டிலிருந்த சட்டம் எத்தகையது? 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஏழு வயது நிரம்பிய குழந்தையை ஒன்பது மணிநேரம் வேலை வாங்கலாம். இடையில் ஒரு மணிநேர ஓய்வு தரவேண்டும். பெரியவர்க்கு நேர வரம்பே இல்லை. 1891இல் குழந்தையின் வயது ஒன்பதாகவும், வேலை ஏழு மணிநேரமாகவும் மாற்றப்பட்டது. பெண்கட்குப் பதினொரு மணிநேரம் என்று வரம்பிட்டனர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை ஆலையிற் சேர்க்கலாகாதென்பதும், வாரத்துக்கு அறுபது மணிநேரமே வேலை என்பதும் 1922இற்றான் வந்தன. கருணையுள்ள ஆலைத் தலைவர்களும் இச்சட்டத்தின் கீழேயே ஆலை நடத்தினர். ஏழு வயதுப் பிள்ளை சங்கு ஊதுமுன் எழுந்து, பஞ்சுத் தூசியில் ஒன்பது மணிநேரம் நிற்பதைக் கிறிஸ்தவ நாடெனப் பெயர்பெற்ற ஆங்கில நாடும் தன் ஆலைகளில் நெடுங்காலம் பொறுத்தது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மனம் ஒப்புவதில்லை. நாமே ஆலைத் தொழிலாளர் இல்லங்கள் நிறைந்த நாட்டில் வளர்ந்தவர்களாதலின் இதனை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

எனினும் மறுபுறத்தையும் நோக்குக. மழை பொய்த்தால் ஊரைவிட்டு ஓடுவதன்றி வேறு வழியறியாத குடிகட்கு, ஆலை திங்கள்தோறும் காசு தரும் இடமாயிற்று. வட்டிக்காரனையும் பண்ணையாரையும் அன்றி மூன்றாமவர் ஒருவர் கூலி கொடுக்கலாம் என்பதே பலர்க்குப் புதுச்செய்தி. சாதி வேறுபாட்டால் ஒரே தெருவில் நடவாதவர் ஒரே கூரையின்கீழ் நின்று நூற்றனர். ஒரே கூரையின்கீழ் உண்டனரா என்பது வேறு கேள்வி. அவ்வாலையைக் கண்ட பின்னரே உள்நாட்டுச் செல்வர்க்கும் துணிவு பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் வேறு ஆலைகள் எழுந்தன. 1930களின் தொடக்கத்திற் பைகாரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கியபின் ஆலைகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. நாயுடு, கவுண்டர், செட்டியார் குடும்பங்கள் பருத்தி நிலத்திலும் அரவை ஆலையிலும் சேர்த்த பொருளை நூற்பாலையில் இட்டனர். தென்னாட்டு மான்செஸ்டர் என்ற பட்டம் கோயமுத்தூருக்கு வந்தது அங்ஙனமே. ஸ்டேன்ஸ் இட்டது முதற் கல்; கோட்டை எழுப்பியவர் பலர்.

மீண்டும் மலைக்குச் செல்வோம். காப்பி தளர்ந்த சரிவுகளில் தேயிலை ஓங்கியது. 1910இல் ஸ்டேன்ஸ் கம்பெனி பங்குதாரரைக் கொண்ட வரையறுத்த கம்பெனியாகப் பதிவு பெற்றது. 1922இல் யுனைடெட் நீலகிரி தேயிலைத் தோட்டக் கம்பெனி நிறுவப்பட்டது. உதகைக்கு அப்பால் மேகம் உறங்கும் உயரத்திலுள்ள சாம்ராஜ், கோரகுந்தா முதலிய தோட்டங்கள் அதனைச் சேர்ந்தவை. 1922இல் ராபர்ட் ஸ்டேன்ஸுக்கு வயது எண்பத்தொன்று. அவ்வயதில் நம்மவர் காசிக்குப் போவதா, இராமேசுவரத்தோடு நிற்பதா என்று ஆராய்வர். தேயிலை நட்டு இலை பறிக்கச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும் என்பதை அறிந்தும் புதுக் கம்பெனி காணத் துணிந்த முதியவரைக் கண்டு புன்முறுவல் பூப்பதா, வணங்குவதா என்று நமக்கு விளங்கவில்லை. அரசாங்கத்தார் அவருக்கு ஸர் பட்டமும் கெய்சரி ஹிந்து பதக்கமும் அளித்தனர்.

தொண்ணூறு கடந்த வயதில் 1936ஆம் ஆண்டு அவர் காலமானார். பதினேழு வயதில் வந்தவர் ஏறத்தாழ எழுபத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டோடு வாழ்ந்தார். சம்பளமும் ஓய்வூதியமும் பெற்றுக்கொண்டு தாய்நாடு திரும்பிய துரைமார் எண்ணிறந்தவர். இவர் அவ்வகையினர் அல்லர். அவர் வந்தபோது மாட்டுவண்டி. மறைந்தபோது மோட்டார் வண்டி, மின்விளக்கு, காங்கிரஸ் ஊர்வலம். இவ்வளவு மாறுதலை ஒரே மனிதர் ஒரே ஊரிற் கண்டது அரிது.

கம்பெனியின் கதை அவரோடு முடியவில்லை. காப்பி, தேயிலையோடு மோட்டார் வண்டிப் போக்குவரத்து, பார்சல் ஏற்றிச் செல்லுதல், உரம், பூச்சிமருந்து என்று கிளைகள் பரந்தன. நாடு விடுதலை பெற்றபின் ஆங்கிலேயர் கைவசமிருந்த கம்பெனிகள் பல இந்தியர் கைக்கு மாறின. ஸ்டேன்ஸ் கம்பெனியும் அதன் தேயிலைத் தோட்டங்களும் சென்னை அமால்கமேஷன்ஸ் குழுவைச் சேர்ந்தன. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து சென்னை ஸிம்ப்ஸன் கம்பெனியில் உயர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1938இல் நிறுவியது அக்குழு. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலையும் அக்குழுவினதே என்றால் புத்தகம் வாங்கும் நம் மாணவர் வியப்பர். இக்காலத்தில் ஸ்டேன்ஸ் கம்பெனி வேப்பங்கொட்டையின் சத்திலிருந்து பூச்சிமருந்து செய்து விற்கின்றது. வேப்பங்கொட்டையை இடித்துப் பயிருக்கிட்ட நம் பாட்டிமார் அதற்குக் காசு கேட்டதில்லை!

முதலில் நட்ட ஆலைக்கோ வேறு விதி. பழைய இயந்திரமும் கடனுமாக நலிந்த ஆலைகளை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்திய அரசாங்கம் ஏற்றுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலையும் அவற்றுள் ஒன்று. 2020 மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய்க்கஞ்சி நாடெங்கும் ஊரடங்கியபோது அக்கழகத்தின் ஆலைகள் நிறுத்தப்பட்டன. பஞ்சத்துக்குத் தப்பியவர் பேரர் வேலை செய்த அவ்வாலையிற் சங்கு நின்றது. தொழிலாளர் சம்பளப் பாக்கிக்கும் வேலைக்குமாக வாயிலில் நின்று முழங்கினர். பறிப்பார் உள்ளவரை தேயிலைச் செடி தளிர்க்கும். பஞ்சுப் பொறிக்கு அவ்வியல்பு இல்லை.

அந்த ஆலைக்குச் சென்ற பாதை இன்றும் மில் ரோடு என்றே கோயமுத்தூரில் வழங்குகின்றது. நம் தாராபுரத்திலோ விடியுமுன் ஆலை வண்டிகள் சுற்றுப்புறச் சிற்றூர்கட்கு வந்து, சோற்றுப் பாத்திரத்தோடு காத்து நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர்ச் சாலையிலும் உடுமலைச் சாலையிலும் விரைகின்றன. கம்போடியாப் பருத்தி விளைந்த தோட்டங்களில் இப்போது தென்னையும் மக்காச்சோளமும் நிற்கின்றன. அவ்வாலைகளிற் புகும் பஞ்சு பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியேறி வருகின்றது.